சோதிக்கப்படாத முகவரிகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது. சாப்பாடு இறங்குகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்ட மாத்திரையைச் சிறையில் கொடுத்தார்களா? பதிலில் அதை முதல் வரியாக எழுது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உன்னைப் பார்க்க வரக்கூடாது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இந்தக் காகிதம்தான் கதி. அதனால் செய்தியைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். கடையில் லென்ஸ் தேய்த்து முடித்த பிறகு, வாரம் மூன்று சாயங்காலம் ஒரு வகுப்புக்குப் போகிறேன். கம்ப்யூட்டர் பாதுகாப்பு. ஒரு நிறுவனம் கேட்டுக்கொண்டால், அதன் நெட்வொர்க்கில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் வேலை. பத்து வருஷம் நீ ஆஸ்பத்திரியில் பார்த்த வேலைக்குப் பக்கத்து வீடு.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கிற பொண்ணுக்கு இது எதுக்கும்மா?" என்று சேர்க்கும் இடத்தில் கேட்டார்கள். "வெறும் கண்ணுக்குத் தெரியாததையும் பாக்கணும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே பாரத்தை நீட்டினார்கள்.

உனக்கு மட்டும் உண்மை. நான் இஸ்திரிக்காகப் படிக்கிறேன். உன் பிரிவுத் தலைவருக்கு நீ வைத்த பெயர் எத்தனை பொருத்தம். ஏழாயிரம் நோயாளிகளின் விவரங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திருட்டுப்போய் ஊரெல்லாம் பரவியபோது, சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல் கோர்ட்டுக்கு வந்து நின்று, "என் கீழ வேலை பாத்தவங்க இப்படிச் செய்வாங்கன்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல" என்றானே. உனக்கு மூன்று வருஷம். தீர்ப்பு வந்த இரண்டாம் மாதம் அப்பா போய்விட்டார். அவன் மட்டும் அதே அறையில், அதே நாற்காலியில். எனக்கு வயிறு எரிகிறது அக்கா. அவனை அந்த நாற்காலியிலிருந்து இறக்காமல் நான் ஓயமாட்டேன்.

இதை உனக்கு முன்னால் படிக்கும் அதிகாரி அம்மாவுக்கும் வணக்கம். நான் சட்டப்படிதான் படிக்கிறேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த நாலு கட்டளையை அக்காவுக்காகப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு


ஜனவரி 27

என் வாலுக்கு,

மாத்திரை கொடுத்தார்கள். வலி பாதி குறைந்தது, மீதியை நான் பழகிக்கொண்டேன். உன் இருமல் திரும்பி வந்தால் கஷாயம் அது இது என்று நீயே வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போ.

உன் கடிதத்தில் நாலு வரி மையில் முழுகி வந்தது. கடிதங்களைப் படிக்கும் அந்த அம்மாவுக்கு இங்கே மைப்புட்டி என்று பெயர். (வணக்கம் மேடம். அன்பாக வைத்த பெயர்தான்.) அதனால் இனி கட்டளை, எண் எதையும் எழுதாதே. எனக்கு அதெல்லாம் மனப்பாடம்.

படிக்கிறாய் என்பதில் சந்தோஷம். எதற்காகப் படிக்கிறாய் என்பதில் இல்லை. ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள். நெட்வொர்க்கை ஸ்கேன் செய்வது, கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பது, ஒரு பெரிய வித்தையே இல்லை. யாரைக் கேட்டுச் செய்தாய் என்பதுதான் எல்லாம். என் வழக்கு எதில் நின்றது? பதினொரு ஸ்கேன். என் கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே ஒரு பழைய சர்வரை, எட்டு மாதத்தில் பதினொரு தடவை. "திருடுவதற்கு முன்னால் வேவு பார்த்திருக்கிறார்" என்றார் அரசு வக்கீல். என் வேலையே அதுதான் என்றேன். "எழுத்தில் அனுமதி இருக்கிறதா?" என்றார். இல்லை. வாயால் சொன்ன இஸ்திரி, சொல்லவே இல்லை என்றான். அவ்வளவுதான்.

இஸ்திரியை விடு. அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே. லென்ஸோடு இரு, இல்லை வேறு இடத்தில் நல்ல வேலை தேடிக்கொள். இது உன் அக்கா கேட்பது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நாள் முழுக்க லென்ஸ், சாயங்காலம் திரை என்று கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அங்கே வழி உண்டா?

வகுப்பில் முதல் ஸ்கேன் செய்துவிட்டேன். பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு கட்டி வைத்த நாற்பது மெஷின்கள், ஒரு கண்ணாடி அலமாரிக்குள். யார் எதைத் தொடலாம் என்று எங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதனால் நீ பயப்படாதே. மெஷினுக்கு ஒரு முகவரி. ஒவ்வொரு முகவரியாக "இருக்கியா?" என்று கேட்டு அனுப்பினேன். முப்பத்தியொன்று "இருக்கேன்" என்றன. பிறகு ஒவ்வொன்றிலும் போர்ட்டுகள். ஒரு மெஷினுக்கு அறுபத்தைந்தாயிரம் கதவு என்று தெரிந்தபோது தலை சுற்றியது. சில கதவு "வா" என்கிறது. சில "போ" என்கிறது. சில வாயே திறப்பதில்லை. "பதில் வரலைன்னா அங்க ஒண்ணுமில்லைன்னு எழுதிடாதீங்க. முன்னால ஒரு பயர்வால் நிக்குது, எதையோ காப்பாத்துதுன்னு அர்த்தம்" என்றார் வாத்தியார்.

ஒரு மெஷினில் யாரோ மறந்துபோன கதவு ஒன்றைக் கண்டுபிடித்தேன். வகுப்பில் நான்தான் முதல் ஆள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கணம் எனக்கு முன்னால் இஸ்திரியின் முகம்தான் வந்தது.

உன் கடிதம் படித்ததிலிருந்து ஒரு கேள்வி குடைகிறது. அந்த ஆஸ்பத்திரியில் நூற்றுக்கணக்கில் மெஷின்கள். நீ ஏன் அந்த ஒன்றை மட்டும் பதினொரு தடவை ஸ்கேன் செய்தாய்?

பதில் போடு. உடம்பைக் கவனி.
வாலு


மார்ச் 20

என் வாலுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. துணி மடிக்கும் பிரிவில் இரண்டு பேர் விடுதலையாகிப் போனார்கள், அவர்கள் பங்கும் எங்கள் தலையில். ஒரு நாளைக்கு முந்நூறு போர்வை. தூக்கத்திலும் கை மடிக்கிறதாம், பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள். உன் கண் எரிச்சல் எப்படி? இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை திரையை விட்டுத் தூரத்தில் பார்.

நாற்பதில் முப்பத்தியொன்று நல்ல எண்ணிக்கைதான். மீதி ஒன்பதையும் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாயா? கேட்கும் வேகத்தைக் குறை. அவசரப்பட்டுத் தட்டினால் பழைய மெஷின்கள் மயக்கம் போட்டு விழுந்துவிடும். ஆஸ்பத்திரிகளில் அப்படி விழுந்தால் ஆள் உயிர். பார்த்ததையெல்லாம் உடனுக்குடன் நேரத்தோடு குறித்து வை. இந்தத் தொழிலில் ஞாபகத்துக்கு மதிப்பில்லை.

அப்பாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டது ஒன்று. கடைசிவரை அவருக்கு டயாலிசிஸ் அதே ஆஸ்பத்திரியில், திங்கள் புதன் வெள்ளி காலையில்தானே நடந்தது? ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததா? நர்ஸுகள் பிரியமாக இருந்தார்களா?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கண் இப்போது தேவலை. உன் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது பெரிய செய்தி. பரீட்சையில் தேறிவிட்டேன். கண்ணாடிக் கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். ஒரு பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தில் வேலை. ஒரு மாடி, ஆறு மேஜை, நடுவில் எப்போதும் முனகும் ஒரு பிரின்டர். என் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் கமா மேடம் என்று பெயர். எங்கள் அறிக்கையில் ஒரு கமா இடம் மாறினாலும் சிவப்பு மையோடு திரும்பி வரும். முதல் நாளே சொன்னார்: "கண்டுபிடிக்கிறது யார் வேணா செய்யலாம். நாம விக்கிறது அறிக்கை. அதுல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் கோர்ட்ல நின்னு பதில் சொல்ற மாதிரி எழுது."

உன்னைப் போலவே பேசுகிறார். அதனால் பிடித்துவிட்டது.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

மாத்திரையை நிறுத்தாதே.
வாலு


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், அதைவிட ஒரு படி மேலே. நீ எப்படி?

உட்கார்ந்து படி. ஒரு ஆஸ்பத்திரி எங்களிடம் சோதனைக்கு வந்திருக்கிறது. எதுவென்று நான் எழுதவில்லை, எழுதவும் கூடாது. நீ பத்து வருஷம் ஏறி இறங்கிய படிக்கட்டு என்று மட்டும் வைத்துக்கொள். அவர்களுடைய நிர்வாகக் குழு ஒவ்வொரு வருஷமும் சோதனை வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறதாம். அடுத்த வாரம் முதல் கூட்டம். அங்கிருந்து பேசப்போவது இஸ்திரி. இங்கிருந்து போவது கமா மேடமும் நானும்.

அவன் என்னைப் பார்த்ததே இல்லை. கோர்ட்டில் நான் பின்வரிசையில் இருந்தேன், அவன் திரும்பவே இல்லை. கமா மேடத்திடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, நாங்கள் தேடிப் போகவில்லை. அவனே சாவியைக் கையில் கொடுக்க வருகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு


மே 19

வாலு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அவசர அஞ்சலுக்குக் கெஞ்சி வாங்கிய அனுமதி இது.

போகாதே. போயே ஆகவேண்டுமென்றால், கீபோர்டைத் தொடும் முன்னால் உன் மேடத்திடம் நீ யார் என்று சொல். என் தங்கை கை வைத்த சோதனை என்று தெரிந்த அடுத்த நிமிஷம் அவன் வக்கீல் அதைக் கிழித்துப்போடுவான். உனக்கும் எனக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுவார்கள்.

அங்கே தோண்டினால் வெளியே வருவது அவன் மட்டும்தான் என்று நினைக்காதே.

கெட்டிக்காரத்தனமாக இருக்காதே. பத்திரமாக இரு.
அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்து சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். இதற்கு மேல் வேலையைப் பற்றி எழுதமாட்டேன், எழுதினவரைக்குமே தப்பு.

கூட்ட அறையில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். இஸ்திரி எங்களுக்கு எதிரே. எனக்கே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன். அனுமதிக் கடிதத்தில் நாங்கள் சோதிக்க வேண்டிய முகவரித் தொகுதிகள் வரிசையாக இருந்தன. அவன் பேனாவை எடுத்து ஒரு தொகுதியை மட்டும் அடித்தான். "இதை விட்டுடுங்க. பழைய மெஷின்ஸ். தொட்டா விழுந்துடும்."

"மெதுவாத் தொடுவோம் சார்" என்றேன்.

அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "வேண்டாம்மா. சொன்னா கேளுங்க" என்றான். அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டான்.

உன் பதினொரு ஸ்கேனும் எந்த முகவரிக்குப் போனது என்று தீர்ப்பு நகலில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். அவன் அடித்த தொகுதிக்குள்தான் அது இருந்தது.

மறுநாள் காலை என் மேஜையில் எல்லாம் தயார். அனுமதித்த முகவரிகளில் ஸ்கேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து, அடித்துவிட்ட அந்த முகவரியையும் எழுதினேன். விரல் என்டர் மேல். பிரின்டர் முனகிக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அழுத்தியிருந்தால் நாற்பது விநாடியில் பதில் வந்திருக்கும்.

அழுத்தாமல் விட்டது நான் நல்லவள் என்பதால் இல்லை அக்கா. அப்படி நினைத்துப் பெருமைப்படாதே. அழுத்தினால் அவன் தப்பித்துவிடுவான் என்று தோன்றியது. அனுமதியில்லாத ஸ்கேன் என்று உன்னைக் கவிழ்த்த அதே ஆயுதத்தை நானே அவனுக்கு எடுத்துக் கொடுப்பேனா? எழுதியதை அழித்துவிட்டு, எழுந்து போய்க் கமா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கூட்டத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"ஆமாம் மேடம்."

"சொன்னா கூட்டிட்டுப் போகமாட்டேன்னு தெரியும்."

"ஆமாம் மேடம்."

அன்றே என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். நான் ஓட்டியதையெல்லாம் தூக்கிப்போட்டு வேறு ஆளை வைத்து முதலிலிருந்து ஓட்டினார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் விஷயத்தை எழுதித் தெரிவித்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இப்போது ஒரு செருப்புக் கம்பெனியின் குடோனில் உட்கார்ந்திருக்கிறேன்.

அறிக்கை போன அன்று என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வரியைக் காட்டினார். அவரே எழுதியது. "இந்த முகவரித் தொகுதி, பிரிவுத் தலைவர் கேட்டுக்கொண்டபடி சோதிக்கப்படவில்லை, எனவே அதன் பாதுகாப்பு குறித்து எங்களால் எந்த உறுதியும் அளிக்க இயலாது." முதல் பக்கத்தில், முதல் வரியாக.

"இதை உனக்காக எழுதலை. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்" என்றார்.

அதுதான் எனக்கு இன்னும் இனிக்கிறது.

நீ எழுதியது மட்டும் புரியவில்லை. அவனைத் தவிர வேறு யார் வெளியே வரவேண்டும்?

முழங்காலுக்கு இதமாக இரு.
வாலு


ஆகஸ்ட் 8

அக்கா,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் வழக்கை நடத்தும் வக்கீலம்மா உன்னைப் பார்க்க வந்திருப்பார். எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். நிர்வாகக் குழுவில் ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதை ஏன் சோதிக்க விடல?" என்று கேட்டிருக்கிறார். இஸ்திரி சொன்ன பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து வேறொரு நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். அந்தப் பழைய சர்வரில் கதவு திறந்தே இருந்திருக்கிறது. அவன் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போட்ட கதவு. புதுக் கணக்குத் தொடங்க நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும் என்பதால் உன் பெயரிலேயே போட்டிருக்கிறான். திருடர்கள் அந்த வழியாக வந்ததால்தான் எல்லாப் பதிவிலும் உன் பெயர். விசாரணைக்காரர்கள் அன்றைக்கு உன் கம்ப்யூட்டரை மட்டும் தூக்கிப்போனார்கள். இந்த மெஷினை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வேலை போய் அவன் வெளியேறிய அன்று நான் எதிர்ச்சாரியில் நின்றேன். வேண்டுமென்றே போனேன். அட்டைப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, வாசல் காவலர் கேட்டதற்கு அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். சட்டை அன்றைக்கும் கசங்கவில்லை. ஆனால் அட்டையைக் கழற்றும்போது அதன் கயிறு காதில் மாட்டிக்கொண்டது, காவலர்தான் எடுத்துவிட்டார். அடுத்த வாரம் கைது செய்தார்கள். இனித்தது அக்கா. பொய் சொல்லமாட்டேன், அப்படி இனித்தது.

அது ஒரே ஒரு நாள். மறுநாள் வக்கீலம்மா அந்த மெஷினில் கிடைத்த இரண்டு மெயில்களின் நகலைக் காட்டினார். ஒன்று நீ அவனுக்கு எழுதியது, திருட்டு நடப்பதற்கு எட்டு மாதம் முன்னால். "என் பெயரில் ஒரு கதவு திறந்திருக்கிறது, தயவுசெய்து மூடுங்கள்." இன்னொன்று அவன் பதில். "பார்த்துக்கொள்கிறேன். இது நம்மோடு இருக்கட்டும். உங்கள் அப்பாவுக்குத் திங்கள் புதன் வெள்ளி காலையில் டயாலிசிஸ் இடம் போட்டாகிவிட்டது."

உனக்குத் தெரிந்தே இருந்தது. கோர்ட்டில் ஏன் வாயைத் திறக்கவில்லை?

வாலு


ஆகஸ்ட் 20

என் வாலுக்கு,

உடம்புக்குக் குறையில்லை. நீ தூங்குவதாக எழுதியது பொய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆமாம், தெரிந்தே இருந்தது. அப்போது அப்பா நடக்கவே முடியாமல் கிடந்தார், ஞாபகம் இருக்கிறதா? எங்கே போனாலும் காத்திருப்போர் பட்டியல். எனக்கு வேலை இருந்த ஆஸ்பத்திரியிலேயே நாலு மாதம் என்றார்கள். கதவைக் கண்டுபிடித்து நான் மெயில் போட்ட மறுநாள் இடம் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று உன்னிடம் சொன்னேன். நீ இனிப்பு வாங்கி வந்தாய். நானும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்ததெல்லாம், மூடிவிட்டானா என்று போய்ப் பார்ப்பது. பதினொரு தடவை பார்த்தேன். பதினொரு தடவையும் திறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா முகத்தில் ஏறிய ரத்தத்தை நினைத்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். ஏழாயிரம் பேரை நினைக்கவில்லை. அவர்களில் ஒருவர், எப்போதோ குணமான காசநோய் ஊருக்குத் தெரிந்து வேலை போன சமையல்காரர், கோர்ட்டில் தினமும் வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் கேட்டாய். வழக்கு நடந்தபோது அப்பா அந்தக் கட்டிலில் இருந்தார். நான் அவனைச் சொன்னால் அன்று சாயங்காலமே அவர் தெருவில் நிற்பார். அந்தக் கட்டிலுக்காக மூன்று வருஷம் போகட்டும் என்று நினைத்தேன். அப்பா போன பிறகு சொல்லியிருக்கலாம். உன்னிடம் என்ன முகத்தோடு சொல்வது? நீ அவனை வெறுத்து வெறுத்துத்தான் நிமிர்ந்து நிற்கிறாய் என்று தோன்றியது.

இப்போது வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாக்குமூலமாக. எனக்கு ஒரே ஆறுதல், அப்பா கடைசிவரை நல்ல கட்டிலில் இருந்தார் என்பது.

சாப்பிடு. தூங்கு.
அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

நீ நலமாக இருக்கவேண்டும். இதைப் படித்த பிறகும்.

நீ கைதான நாலாவது நாள் அப்பாவோடு போனேன். வரவேற்பில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவர் பேரு இல்லையேம்மா. மேல இருந்து எடுத்துட்டாங்க" என்றாள். சண்டை போட்டேன். அப்பா, "விடும்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றார். அன்றைக்குப் பிறகு ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டு பஸ். வாரம் மூன்று முறை என்பது இரண்டாகி, சில வாரம் ஒன்றாகியது. மெஷின் பழுது என்பார்கள். தூக்கத்தில் போனார் என்று உனக்கு எழுதினேன். அங்கே நடைபாதை பெஞ்சில், முறை வருவதற்குக் காத்திருந்தபோது போனார். தலை என் தோளில் இருந்தது. தூங்குகிறார் என்று நானும்தான் நினைத்தேன்.

ரிமாண்டில் இருந்த நீ ஒவ்வொரு தடவையும் "அப்பா போறாரா?" என்று கேட்டாய். "போறாருக்கா" என்றேன். போனார்தான். எங்கே என்று நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பவளுக்கு இன்னொரு பாரம் எதற்கு என்று நினைத்தேன். நீ அந்தக் கட்டிலுக்காகத்தான் வாயை மூடியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நாலாவது நாளே சொல்லியிருந்தால் நீ பேசியிருப்பாய்.

இஸ்திரியை இறக்கத்தான் படித்தேன். உன்னை உள்ளே வைத்ததில் பாதி என் வேலை.

பதில் போடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.
வாலு


அக்டோபர் 25

வாலு,

இருக்கிறேன். முழங்கால் வீங்கி வடிந்தது. நீ இதற்கிடையில் அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. மைப்புட்டி மேடமே ஒரு நாள் துணி மடிக்கும் அறைக்கு வந்து, "உன் தங்கச்சிக்கு ரெண்டு வரி போடேன்" என்றார். நான் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று, முதலில் அவனைக் கொல்லவேண்டும் என்று இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்காக என்று தெரிந்தும், நாலே நாளில் இடத்தை எடுத்துவிட்டு, கோர்ட்டில் என் கண்ணைப் பார்த்துப் பேசியிருக்கிறான். அது இரண்டு நாள். பிறகு அவன் முகம் மறைந்து உன் முகம் வந்தது. போறாருக்கா, போறாருக்கா என்று சொன்ன முகம். உன்னைப் பழிவாங்க என்ன செய்யலாம் என்று யோசித்தேன். உள்ளே இருப்பவள் கையில் என்ன இருக்கும்? பதில் போடாமல் இருப்பது ஒன்றுதான். எட்டு வாரம் தினமும் அதைச் செய்தேன். தபால் வரும் நேரத்தில் நீ கதவைப் பார்ப்பாய் என்று தெரியும். தெரிந்தே செய்தேன்.

அப்பா உன் தோளில் போனார் என்ற வரியை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் வாயைத் திறந்தோ மூடியோ அவருக்கு வாங்கிக் கொடுத்த எதையும்விட அது பெரியது. அதற்காகவும் உன் மேல் கோபம் வருகிறது. எனக்குக் கிடைக்கவில்லையே என்று.

நவம்பர் ஒன்பதாம் தேதி கோர்ட். கதவைத் திறந்தவள் என்ற குற்றம் போகும், தெரிந்தும் மறைத்தவள் என்பது நிற்கும் என்கிறார் வக்கீலம்மா. இருந்த நாட்களே தண்டனையாகக் கழிந்து அன்றே விடலாமாம். அந்தச் சமையல்காரரும் வருவார். முதலில் அவரிடம் பேசவேண்டும். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

நீ வா. பின்வரிசையில் உட்காராதே. நான் திரும்பினால் தெரிகிற இடத்தில் உட்கார். அன்றைக்கு உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது, திரும்பிப் பார்ப்பேன்.

காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா.
அக்கா